மஞ்சள் நீர்ப் பிள்ளைகள்

1868-ஆம் ஆண்டு லண்டனில் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒருபக்கம் மதுரைக் கலெக்டர், மறுபக்கம் ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதி. கணவன் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, தத்தெடுக்கச் சொல்லி அவன் எந்த அனுமதியும் விட்டுப்போகவில்லை. அந்த நிலையில் விதவை ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தால் அது செல்லுமா? இதுதான் வழக்கு.

ராணி பர்வதவர்த்தனி 1847-இல் முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். கலெக்டர் அதை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வாரிசு இல்லாமல் ராணி இறந்தால் ஜமீன் சர்க்காருக்கு. தென்னிந்தியாவின் மிகப்பெரிய ஜமீன்களில் ஒன்று ஒரு சிறுவனால் கைநழுவிப்போகிறது என்றால் எந்தக் கலெக்டர் சும்மா இருப்பார்? சர்க்கார் வக்கீல்கள் சாஸ்திரத்தைக் கையில் எடுத்தார்கள். கணவனின் சம்மதம் இல்லாமல் பெண் பிள்ளையைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று வசிஷ்டர் சொன்னதாக ஒரு வரி உண்டு. அந்த ஒரே வரியை வங்காளம் ஒருவிதமாகவும், பம்பாய் வேறுவிதமாகவும், மிதிலை இன்னொரு விதமாகவும் படித்தன. பிரிவி கவுன்சில், திராவிட தேசத்தில் கணவனின் சபிண்டர்கள், அதாவது பங்காளிகள், சம்மதித்தால் போதும் என்று முடிவு செய்தது. எழுதப்பட்ட சாஸ்திரத்தைவிட, நிரூபிக்கப்பட்ட வழக்கத்துக்கு எடை அதிகம் என்றும் சொன்னது. இன்றும் சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தத் தீர்ப்பை அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் படிக்கிறார்கள். அதே 1868-இல் முத்துராமலிங்க சேதுபதிக்குப் பிறந்த பிள்ளைதான், பின்னாளில் விவேகானந்தர் சிகாகோ போகத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படும் விஷயம் வேறு. தத்து செல்லுமா செல்லாதா என்று பக்கம் பக்கமாக எழுதிய அந்த நீதிபதிகளின் சொந்த நாட்டில் தத்து என்ற சட்டமே கிடையாது. இங்கிலாந்தில் தத்தெடுப்புச் சட்டம் வந்தது 1926-இல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1851-இலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டது. அந்தச் சட்டம், தத்தெடுப்பவர்கள் குழந்தையை வளர்க்கத் தகுந்தவர்களா என்று நீதிபதி பார்க்கவேண்டும் என்றது. குழந்தைக்கு எது நல்லது என்ற கேள்வி அங்கே சட்டத்துக்குள் வந்துவிட்டது. ராமநாதபுரம் வழக்கில் அந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை. செத்துப்போன சேதுபதிக்கு யார் பிண்டம் வைப்பது, ஜமீன் யாருக்கு, கும்பினிக்குப் பின்வந்த சர்க்காருக்கு என்ன நஷ்டம் என்பவைதான் கேள்விகள். அந்தப் பையன் பேசியதாகத் தீர்ப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை.

நம் பழைய தத்தின் இயல்பே அதுதான். பிள்ளை இல்லாதவன் 'புத்' என்ற நரகத்துக்குப் போவான், அதிலிருந்து காப்பாற்றுபவன் புத்திரன். ஆகவே தத்து என்பது பெரியவர்களின் பிரச்சினைக்குத் தீர்வு. ஒரு வீட்டில் பிள்ளை இல்லை, பங்காளி வீட்டில் மூன்று இருக்கிறது, ஒன்றைக் கொடு. கொடுப்பவன் தாரை வார்த்துக் கொடுக்கிறான், வாங்குபவன் மடியில் வாங்கிக்கொள்கிறான், தத்த ஹோமம், விருந்து. நகரத்தார் இதைப் 'பிள்ளை கூட்டுதல்' என்பார்கள். எங்கள் பக்கத்தில் மஞ்சள் நீர் குடித்தல். 1707-இல் யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் தொகுக்கச் செய்த தேசவழமையிலும் இந்த மஞ்சள் நீர் வருகிறது.

என் தாத்தாவின் தம்பி மஞ்சள் நீர் குடித்துப் போனவர். போனது எங்கேயும் தூரத்துக்கு இல்லை, அதே தெருவில் நாலு வீடு தள்ளி, பெரிய தாத்தா வகையறா வீட்டுக்கு. அப்போது அவருக்கு ஏழு வயது. அன்றிலிருந்து பெற்ற தாயை 'சின்னாத்தா' என்று கூப்பிட்டார். அவர் கல்யாணத்தில் பெற்றவர்கள் சபையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அப்பத்தா சொல்லும். "குடுத்த பிள்ளைய திரும்பிப் பாக்கக் கூடாதுடா, பாத்தா ரெண்டு வீட்டுக்கும் ஆகாது." இதை ஏதோ மாடு விற்ற கதை மாதிரி அது சொல்லும். ஆனால் ஒருமுறை, அந்தச் சின்னத் தாத்தா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு பழைய வீட்டு வாசல் வழியாகவே போவார் என்றும், அவர் அம்மா அந்த நேரம் பார்த்துத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள் என்றும் அதே அப்பத்தாதான் சொன்னது. எதிரெதிரான இந்த இரண்டு செய்திகளையும் ஒரே மூச்சில் சொல்ல அந்தத் தலைமுறைக்குக் கூச்சமே இல்லை.

சொத்து இருந்தால்தான் இதெல்லாம். ராஜ்ஜியமே சொத்தாக இருக்கும்போது என்ன ஆகும் என்பதை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்தோம். டல்ஹௌசியின் வாரிசு இழப்புக் கொள்கை. 1848-இல் சதாரா, 1854-இல் ஜான்சி, நாக்பூர். ஜான்சி ராஜா கங்காதர ராவ் 1853 நவம்பரில், இறப்பதற்கு முந்தின நாள், ஐந்து வயதுப் பையன் ஒருவனைத் தத்தெடுத்தார். ஆனந்த ராவ் என்ற பெயரை தாமோதர் ராவ் என்று மாற்றினார்கள். டல்ஹௌசி சொன்னதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். தத்து செல்லாது என்று அவர் சொல்லவில்லை. சொந்தச் சொத்துக்கும் ஈமக் கடனுக்கும் செல்லும், ராஜ்ஜியத்துக்குச் செல்லாது என்றார். பாதி மகன். லட்சுமிபாய் அந்தப் பையனை முதுகில் கட்டிக்கொண்டு குதிரையேறிய சிலையை வட இந்தியாவில் ஊருக்கு ஊர் வைத்திருக்கிறார்கள். அம்மா செத்தபின் அந்தப் பையன் காடுகளில் ஒளிந்து திரிந்ததும், கடைசியில் இந்தூரில் சர்க்கார் கொடுத்த சிறு ஓய்வூதியத்தில் காலம் தள்ளியதும் எந்தச் சிலையிலும் இல்லை.

தஞ்சாவூரிலும் 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தபோது கும்பினி அரண்மனைக்குப் பூட்டுப் போட்டது. 1857 கலகத்துக்குப் பிறகுதான் ஆங்கிலேயருக்குப் புத்தி வந்தது. கானிங் பிரபு சுதேச மன்னர்களுக்குத் தத்தெடுக்கும் உரிமை தந்து சனதுகள் வழங்கினார்.

இனி, ராஜாக்களை விட்டுவிட்டு அனாதைகளிடம் வரலாம். இந்தக் கட்டுரைக்காக நான் படித்ததில் என்னை நிறுத்திவைத்த விஷயம் இதுதான்: பழைய இந்து சட்டப்படி அனாதைக் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. ஏதாவது ஒரு சாதியில் தனி வழக்கம் இருந்தாலொழிய முடியவே முடியாது. ஏனென்றால் தத்து என்பது தானம். தானம் கொடுக்க உரிமை பெற்ற தகப்பனுக்கும், அவன் இல்லையென்றால் தாய்க்கும் மட்டுமே. அண்ணன் கொடுக்கமுடியாது, தாத்தா கொடுக்கமுடியாது. கொடுக்க ஆள் இல்லாத பிள்ளையை வாங்கவும் முடியாது. வீடு யாருக்கு மிகவும் தேவையோ, அந்தக் குழந்தைக்குத்தான் சட்டம் கதவைச் சாத்தியிருந்தது. பெற்றவர்களும் வீடும் உள்ள குழந்தைக்கு மட்டும் இன்னொரு வீடு கிடைக்கும்.

எப்போதுமே இப்படி இருந்ததா என்றால், இல்லை. மனு பன்னிரண்டு வகைப் பிள்ளைகளைச் சொல்கிறார். அதில் ஒரு வகை அபவித்தன். பெற்றவர்கள் கைவிட்டு, இன்னொருவர் எடுத்து வளர்த்த பிள்ளை. பிற்கால உரைகாரர்கள், கலியுகத்தில் சொந்தப் பிள்ளையும் தத்துப் பிள்ளையும் மட்டுமே செல்லும் என்று மற்றவற்றை வெட்டிவிட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் காசியில் நந்த பண்டிதர் எழுதிய 'தத்தக மீமாம்சை' இதற்குப் பெரிய ஆதாரம். 1821-இல் சதர்லாண்ட் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும், ஒரு பண்டிதரின் கருத்து இந்தியா முழுவதற்கும் சட்டமாகிவிட்டது.

துளசிச் செடிக்கடியில் கிடந்த பெண் குழந்தையை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் எடுத்து வளர்த்தார், அவள் அவரை அப்பா என்றாள், ஊரும் நம்பியது. பெரியாழ்வார் 1890-இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், கோதை உம் மகள் அல்ல என்றுதான் சொல்லியிருப்பார்கள். கைவிடப்பட்டவள் என்பது ஒரு காரணம். பெண் என்பது இன்னொரு காரணம்.

பெண் குழந்தையைத் தத்தெடுப்பதற்கும் அன்று சட்டத்தில் இடமில்லை. ஒரு விதிவிலக்கு, தேவதாசிகள். அவர்களுக்குச் சொத்து தாய்வழியில் போகும், ஆகவே மகள் தேவை. பம்பாய் நீதிமன்றம் 1880-இல் இந்தத் தத்தை ஒழுக்கக்கேடு என்று மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் சில ஆண்டுகள் கழித்து, சமூக வழக்கம் என்று ஏற்றது. அதே சமயம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் சிறுமிகளை விபசாரத்துக்காகக் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. ஒரே குழந்தையை வாங்கியது ஒரு சட்டப் புத்தகத்தில் தாய்மை, இன்னொன்றில் குற்றம். எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்பது நீதிபதியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகள் மிஷன் விடுதிகளுக்குப் போனார்கள். ஏமி கார்மைக்கேல் 1901 முதல் டோனாவூரில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமிகளை எடுத்து வளர்த்தார். 'அம்மா' என்றே அவர்கள் அழைத்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அன்பு இருந்தது, சோறு இருந்தது, படிப்பு இருந்தது. ஆனால் அங்கே வளர்ந்த எந்தப் பெண்ணும் சட்டத்தின் கண்ணில் யாருக்கும் மகள் இல்லை. இந்து அல்லாதவர்களுக்கு இருந்தது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் மட்டும். அதன்படி நீங்கள் குழந்தைக்குக் காப்பாளர். குழந்தை மேஜரான அன்றே அந்த உறவு சட்டப்படி முடிந்துவிடும். பிறந்தநாள் கேக் வெட்டிய கையோடு, நீ யாரோ நான் யாரோ.

1956 டிசம்பரில் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெண்ணைத் தத்தெடுக்கலாம் என்றானது. கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தங்களுக்காகவே தத்தெடுக்கலாம். ஹோமம் கட்டாயமில்லை. ஒருமுறை தத்தெடுத்தால் ரத்து செய்யமுடியாது. என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தின் ஆகச் சிறந்த வரி இந்தக் கடைசி வரிதான். ஆனால் கல்யாணமான பெண் தன் பெயரில் தத்தெடுக்க முடியாது, கணவன்தான் எடுப்பான், அவள் சம்மதம் மட்டும் சொல்லலாம். இது மாற 2010 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. குப்பைத்தொட்டியில் கிடந்த குழந்தை? 1956 சட்டத்திலும் அதற்கு இடமில்லை. பெற்றவர்கள் இறந்திருந்தால் காப்பாளர் நீதிமன்ற அனுமதியோடு கொடுக்கலாம் என்று எழுதியவர்கள், பெற்றவர் யாரென்றே தெரியாத குழந்தையை மறந்துபோனார்கள். 1962-இல்தான் ஒரு திருத்தம் அதைச் சேர்த்தது.

அப்போதும் அது இந்துக்களுக்கு மட்டும். எல்லோருக்கும் பொதுவாக 1972-இல் ஒரு மசோதா வந்தது. முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, கிடப்பில் போட்டார்கள். 1980-இல் முஸ்லிம்களை விட்டுவிட்டு இன்னொரு மசோதா வந்தது. இந்தமுறை பார்சிகளில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். அதுவும் போயிற்று. கிறிஸ்தவ, முஸ்லிம், பார்சி தம்பதிகள் எடுத்து வளர்த்த பிள்ளைகள் தொடர்ந்து 'காப்பில் உள்ளவர்' ஆகவே இருந்தார்கள்.

இந்த 1890 சட்டத்துக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. வெளிநாட்டுத் தம்பதிகள் நம் நீதிமன்றத்தில் காப்பாளர் உத்தரவு வாங்கி, குழந்தையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், தங்கள் நாட்டில் தத்தெடுத்தார்கள். எத்தனையோ நல்ல குடும்பங்கள் அப்படி அமைந்தன. நடுவில் காசும் புகுந்தது. 1982-இல் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டார்கள். 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பகவதி கொடுத்த தீர்ப்பு, முதலில் உள்நாட்டில் பெற்றோரைத் தேடு, ஒப்படைக்கும் தாயை வற்புறுத்தாதே, வெளிநாட்டவர் வீட்டை அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஆய்வு செய்யவேண்டும் என்று ஒரு முழு நடைமுறையையே எழுதியது. பாராளுமன்றம் எழுதியிருக்கவேண்டியதைக் கோர்ட் எழுதியது. 1990-இல் காரா என்ற மத்திய அமைப்பு அதன் விளைவாக வந்தது. அதற்குப் பிறகும் சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள், போலி ஒப்படைப்புப் பத்திரங்களோடு அயல்நாடுகளுக்குப் போனது 2005-இல் போலீஸ் விசாரணையில் வெளிவந்தது. பெற்ற அம்மா இங்கே வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தாள். அங்கே இன்னொரு அம்மா எதுவும் தெரியாமல் அன்பாக வளர்த்துக்கொண்டிருந்தாள். இதில் யாரிடமிருந்து யாருக்கு அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பது? ராமநாதபுரம் வழக்கைவிடப் பத்து மடங்கு கடினமான கேள்வி, ஏனென்றால் இப்போது பிள்ளைக்கும் வாய் உண்டு.

தமிழ்நாட்டின் பங்களிப்பு தொட்டில். 1986-இல் 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலை பற்றி எழுதியது. எருக்கம்பால், கள்ளிப்பால் என்று நாடே பேசியது. 1992-இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள், கேள்வி கேட்கமாட்டோம். 'கருத்தம்மா' படம் வந்தது இதற்கு இரண்டு வருடம் கழித்து. பின்னர் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும், 2011-இல் கடலூர், விழுப்புரம் போன்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. பெண் குழந்தையைக் கைகழுவுவதை அரசே சுலபமாக்குகிறது என்று பெண்ணிய அமைப்புகள் விமர்சித்தன. நியாயமான விமர்சனம்தான். வரதட்சணையையும் நிலவுடைமையையும் தொடாமல் தொட்டில் மட்டும் வைத்தால் எப்படி? இருந்தாலும் அந்தத் தொட்டிலில் கிடந்து, இன்று வளர்ந்து வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் அந்த விமர்சனத்தைச் சொல்ல என்னால் முடியாது.

தொட்டிலில் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு வீடும் கிடைத்தது. மகனே வேண்டும் என்று வசிஷ்டரிடம் தொடங்கிய தத்தில், இன்று ஆண்டுதோறும் தத்துப் போகிறவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஏதோ ஒரு தலைமுறைக்குள், பெரிதாக யாரும் பேசாமலே, பிண்டம் வைக்க ஆள் வேண்டும் என்பது போய், வீட்டில் ஒரு குழந்தை வேண்டும் என்றாகிவிட்டது.

எல்லா மதத்தவருக்கும் பொதுவான வழி பின்வாசல் வழியாக வந்தது. குடும்பச் சட்டத்தில் கைவைக்காமல், 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்துக்குள் தத்தெடுப்பை நுழைத்தார்கள். 2006 திருத்தம் அதை வலுப்படுத்தியது. பெண் குழந்தை ஒன்றை எடுத்து வளர்த்த ஷப்னம் ஹாஷ்மி தொடுத்த வழக்கில் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எந்த மதத்தவரும் இச்சட்டப்படி தத்தெடுக்கலாம், மதச்சட்டம் தடையாகாது என்றது. இன்று நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். 2021 திருத்தம், தத்து உத்தரவு போடும் பொறுப்பை நீதிமன்றத்திடமிருந்து எடுத்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தது. 2022 செப்டம்பர் முதல் கலெக்டர்தான் கையெழுத்துப் போடுகிறார். முத்துராமலிங்கத்தின் தத்தை ஏற்க மறுத்து லண்டன் வரை போன அதே நாற்காலி!

நானும் என் மனைவியும் இந்த வரிசையில் நிற்கிறோம். இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுதுவது சரியாக இருக்காது. வேலை நிமித்தமாக நான் நிறைய வரிசைகளை வடிவமைத்திருக்கிறேன். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது ஆக எளிய முறை. காராவின் இணையதளமும் அடிப்படையில் அதுதான். பதிவு செய்த தேதிப்படி மூப்பு. முறை வரும்போது ஒரு குழந்தையின் படமும், மருத்துவ அறிக்கையும், குறிப்பும் திரையில் வரும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லவேண்டும். முன்பெல்லாம் இல்லத்துக்கு நேரில் போய், நிறம் பார்த்து, மூக்கு பார்த்து, சிபாரிசு பிடித்து எடுப்பார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல். சிபாரிசுக்குக் காது கொடுக்காத ஒரு மென்பொருளைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் வரிசை எந்தப் பக்கம் நீளம் என்று பார்க்கவேண்டும். 2022-இல் ஒரு பாராளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையின்படி, 2021 டிசம்பரில் காத்திருந்த பெற்றோர் 27,939. இல்லங்களில் இருந்த அனாதை, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் 6,996. அவர்களில் சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டவர்கள் 2,430 பேர்தான். இத்தனை பெரிய நாட்டில் வெறும் ஏழாயிரம் அனாதைகளா என்று குழுவே ஆச்சரியப்பட்டது. மற்றவர்கள் எங்கே? தெருவில் இருக்கிறார்கள், தரகர்கள் வழியாகக் கைமாறுகிறார்கள், அல்லது இல்லங்களில் 'பெற்றோர் உண்டு' என்ற ஒரு கட்டத்தில் டிக் போடப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறைகூட வராத பெற்றோர். வரும்வரை குழந்தை யாருக்கும் இல்லை. கொடுக்க ஆள் இல்லாததால் வாங்கமுடியாத அந்தப் பழைய அனாதையின் நிலையேதான் இது. இன்று தடுப்பது சாஸ்திரம் அல்ல, நிரப்பப்படாத ஒரு படிவம்.

இன்னொன்று, காத்திருப்பவர்களில் மிகப் பலரும் கேட்பது இரண்டு வயதுக்குட்பட்ட, நோய்நொடியில்லாத குழந்தை. காத்திருக்கும் குழந்தைகளில் பலர் அப்படி இல்லை. ஆறு, எட்டு, பத்து வயது. அண்ணன் தங்கை சேர்ந்தே இருப்பவர்கள். தனிக் கவனிப்பு தேவைப்படுபவர்கள். அப்படிப்பட்டவர்கள் தத்துப் போய், வீட்டோடு ஒட்டாமல், இல்லத்துக்கே திருப்பி அனுப்பப்படுவதும் நடக்கிறது. உத்தரவு வரும்வரை 'தத்துக்கு முந்தைய பராமரிப்பு' என்று ஓர் இடைக்காலம் உண்டு. திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அதில்தான்.

சங்கப் பாடல்களில் நற்றாய் வேறு, செவிலித்தாய் வேறு. மகள் உடன்போக்குப் போய்விட்டால் தேடிக்கொண்டு பாலைநிலத்தில் நடப்பவள் செவிலி. எடுத்து வளர்ப்பதற்கு நம்மிடம் அவ்வளவு பழைய சொல் இருந்தும், ஃபாஸ்டர் கேர் என்றால் என்ன என்று என் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. குழந்தையை இல்லத்தில் வைக்காமல், தத்தும் கொடுக்காமல், ஒரு குடும்பத்தில் அரசு மேற்பார்வையில் வளரவிடுவது அது. பெற்றவர்கள் இருந்தும் இல்லாத குழந்தைகளுக்கு இதுவே வழி. 2016 வழிகாட்டு நெறிகளின்படி ஐந்து வருடம் வளர்த்தபின்தான் தத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2024-இல் அதை இரண்டு வருடமாகக் குறைத்தார்கள். தனியாக வாழும் ஆணோ பெண்ணோகூட வளர்க்கலாம் என்றும் ஆக்கினார்கள். கேட்கச் சிறிய மாற்றம்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஐந்து வருடம் என்பது பதினான்கு, இரண்டு வருடம் என்பது பதினொன்று. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் கேட்கும் இடத்தில் அந்த மூன்று வருட வித்தியாசம் ரொம்பப் பெரியது.

பதிவு செய்யும்போது எந்த வயதுக் குழந்தை என்று கேட்கிறது படிவம். இரண்டு வயதுக்குள் என்பதில் என் விரல் நின்றது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டுக்குள்ளன்னா மூணு வருஷத்துக்குக் குறையாது. எனக்கென்ன பால்புட்டி கழுவணும்னு வேண்டுதலா?" என்றாள். பெரிய குழந்தை நம்மிடம் ஒட்டுமா என்று கேட்டேன். "நாம அதுகிட்ட ஒட்டுவோமான்னு அது கேக்காதா?" அன்று இரவு முழுக்கப் பேசினோம், இரண்டு முறை சண்டை போட்டோம். கடைசியில் நான்கிலிருந்து ஆறு வயது என்று குறித்தோம். எங்கள் இருவரின் கூட்டு வயதும் விதிக்குள் வருகிறது.

வீட்டைப் பார்க்க வந்த சமூகப் பணியாளர் ஒரு நடுத்தர வயது அம்மா. சம்பளம், ரத்த அழுத்தம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது, குழந்தைக்குப் பேர் யோசிச்சு வெச்சிருக்கீங்களா சார் என்றார். அந்த வயதில் அதற்கு ஒரு பேர் இருக்குமே மேடம், அதையே கூப்பிடுறோம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.